உன் மரத்துக்காக வளைந்த கோடு

அன்பு மகள் நோ பாவுக்கு,

இங்கே நாங்கள் எல்லோரும் இருமலோடு நலம். கொரியாவில் தக்காளி வளர்க்கும் பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் வேலை செய்யும் நீயும் நலமாக இருக்க நம் மலையை வேண்டிக்கொள்கிறேன். தொலைபேசியில் பேசினால் எனக்கு வரிசை குழம்பிவிடும், அதனால் எழுதுகிறேன். சொல்ல வேண்டியவை மூன்று.

1. காட்டுத்தீயில் வீடும் ஊரும் எரியவில்லை.
2. அதிகாரிகள் சொல்லியும் நாங்கள் ஊரை விட்டுப் போகவில்லை.
3. உன் மரத்தைக் கைவிடச் சொன்னேன். அது சரியான யோசனைதான்.

முதலாவது. வீடும் நெல் களஞ்சியமும் அப்படியே இருக்கின்றன, சாம்பல்தான் சோற்றுப் பானை வரை வந்துவிட்டது. முகமூடி போட்டால் வெற்றிலை மெல்ல முடியவில்லை என்று உன் அம்மா அதைக் கழற்றி எறிந்துவிட்டாள். பன்றிகளை ஓடைக்கு அப்பால் ஓட்டிவிட்டோம், கிழட்டுப் பன்றி மட்டும் இன்னும் திரும்பவில்லை.

இரண்டாவது. மேற்கு மலையில் பற்றிய தீ காற்றோடு இறங்கத் தொடங்கியதும் கீழேயிருந்து வண்டி வந்தது. எல்லோரும் ஏறுங்கள், பள்ளிக்கூடத்தில் தங்க இடம் இருக்கிறது என்றார் அதிகாரி. உன்னிடம் மறைப்பானேன், முதலில் ஏறி உட்கார்ந்தவன் நான்தான். அப்போது அவர், "விதைக்கிறதுக்கு முன்னால நீங்க வயலுக்கு வைக்கிற தீதானே இதெல்லாம்" என்றார். இந்த வருடம் நாம் இன்னும் வயலுக்குத் தீயே வைக்கவில்லை. உன் பெரிய அத்தை நோ லெர் வண்டியருகே வந்து, "வச்சது நாங்கன்னா அணைக்கவும் நாங்களே இருந்துக்கிறோம். நீங்க புகையில நிக்காதீங்க தம்பி, சட்டை அழுக்காயிடும்" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "வாத்தியாரே, சீட்டு மெத்துன்னு இருக்கா?" என்று கேட்டாள். இறங்கிவிட்டேன். கைக்குழந்தைக்காரிகளையும் நடக்க முடியாதவர்களையும் மட்டும் அனுப்பினோம்.

மூன்றாவது. சருகைக் கூட்டி, மண் தெரியும்படி தீத்தடுப்புக் கோடு போட ஆட்கள் போதவில்லை. ஓடையிலிருந்து பாறை வரை நேராகப் போட்டால் பொழுது சாய்வதற்குள் முடியும் என்று கணக்குப் போட்டுச் சொன்னேன். ஆனால் அப்படிப் போட்டால், நீ பிறந்த அன்று உன் தொப்புள்கொடியை மூங்கில் குழாயில் அடைத்து நான் கட்டிய மரம் தீயின் பக்கம் நின்றுவிடும், மற்றப் பிள்ளைகளின் மரங்கள் எல்லாம் உள்ளே. மரத்துக்கு ஒன்று ஆனால் பிள்ளைக்கும் ஆகும் என்று கேட்டு வளர்ந்தவன்தான் நானும். ஆனாலும் ஒரு மரத்துக்காக ஊரையே பணயம் வைக்கலாமா, என் மகளின் மரம் என்பதால்தான் நானே சொல்கிறேன் என்றேன். பக்கத்து வீட்டு போ தா சருகு வாரியைத் தோளில் போட்டுக்கொண்டு, "உங்க பொண்ணுதான் மாமா, யாரு இல்லன்னா? ஆனா எங்க ஊர்ப் பொண்ணு. வெளிய நிக்க வச்சுட்டு வருவமா? கணக்க அப்புறம் போடுங்க, இப்ப கூட்டுங்க" என்றான். கோட்டை உன் மரத்தைச் சுற்றி வளைத்தார்கள். நான் பயந்தபடியே வளைவில் கோடு குறுகலாகத்தான் அமைந்தது, தீயும் அங்கேதான் தாண்டியது. பச்சைக் கிளைகளால் அடித்தே அணைத்தோம். போ தாவின் முழங்கை வெந்துவிட்டது. உன் மரத்தில் மேற்குப் பக்கப் பட்டை கருகியிருக்கிறது, மரம் நிற்கிறது. நேராகப் போட்டிருந்தால் அந்த முழங்கை வெந்திருக்காது என்றுதான் இன்னும் நினைக்கிறேன்.

அம்மா உன் உயிரைப் பெயர் சொல்லி அழைத்து முடிச்சுப் போட்ட வெள்ளை நூலை இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன், மணிக்கட்டில் கட்டிக்கொள். உன் உயிர் வழியில் எங்கும் தங்காமல் உன்னிடம் வந்து சேரட்டும். கூடாரத்தில் மருந்து அடிக்கும்போது முகத்தை மூடிக்கொள், மறக்காதே. மேற்கில் இன்னும் புகைகிறது, நாளையும் சருகு கூட்டப் போகிறோம்.

கையெழுத்திடுமுன் எல்லாவற்றையும் திரும்பப் படித்தேன். மூன்றாவதில் நான் சொன்னது தவறு. ஆட்களை எண்ணினேன், பொழுதை எண்ணினேன், என்னை எண்ணவில்லை. நேர்கோட்டில் தீ வந்திருந்தால் முதலில் ஓடியிருப்பது நான்தான். வளைவில் தீ தாண்டியபோது அத்தை பின்வாங்கச் சொல்லிக் கத்தியது நன்றாகவே கேட்டது. அங்கே நீ நின்றுகொண்டிருந்தாய், என்னால் நகர முடியவில்லை.

உன் அப்பா,
எ வா