ஹாளு பேட்டை

அக்கா,

இன்று காலை ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னாலிருந்து அந்த பேனரை இழுத்துப் பிரித்தேன். மூன்று வருஷம் ஆகியும் ஃப்ளெக்ஸின் நாற்றம் போகவில்லை. நீங்கள் அதையும் வீணாக்காமல் வாடகை அண்டாக்கள் மேல் தூசி படாமல் போர்த்தி வைத்திருந்தீர்கள். போன மாதம் கடையைக் காலி செய்ய வந்த உங்கள் மகன், "ஆன்ட்டி, இது உங்க கடையில அடிச்சதுதானே, நீங்களே வெச்சுக்கோங்க" என்று என் கையில் கொடுத்துவிட்டுப் போனான். அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். எனக்குத்தான் சுருக்கென்றது.

இதைப் பற்றி நாம் இருவரும் ஒரு நாளும் பேசியதில்லை. இப்போதாவது பேசிவிடுகிறேன்.

அந்த வருஷம் நம் தெரு இருந்த இருப்பு உங்களுக்கு நினைவிருக்கும். அல்சூருக்கு மெட்ரோ வந்தாலும் வந்தது, ஜனங்கள் தலைக்கு மேலேயே போய்விட்டார்கள். பாதி ஷட்டர் இறங்கிவிட்டது. லைட் கம்பத்தடியில் குப்பை மலை. உங்கள் சாமியானா கடைக்கு எதிரே சாக்கடை திறந்து கிடந்தது. கல்யாணத்துக்குப் பந்தல் சொல்ல வருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டே பேசினார்கள். உங்கள் மகன் கெடு வைத்துவிட்டான். தீபாவளிக்குள் வியாபாரம் தேறவில்லை என்றால் கடையை மூடிவிட்டு எலெக்ட்ரானிக் சிட்டி ஃப்ளாட்டுக்கு வந்துவிட வேண்டும்.

"பதினாலாவது மாடிடி" என்றீர்கள் என்னிடம். "அங்க போய் நான் யாரு கூட பேசுறது? லிஃப்ட் கூடவா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள். ஆனால் அன்று டீயை அப்படியே ஆறவிட்டீர்கள். நீங்கள் போய்விட்டால் எனக்கு மட்டும் இந்தத் தெருவில் யார் இருக்கிறார்கள் என்று நான் பயந்ததை உங்களிடம் சொல்லவில்லை. "போங்களேன், லிஃப்ட்டாவது பதில் பேசாம கேக்கும்" என்று கிண்டல் செய்தேன்.

மறுநாளே கிளம்பிவிட்டீர்கள், கடை கடையாக. ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லோரும் வர வேண்டும், நாமே கூட்ட வேண்டும், நாமே வெள்ளையடிக்க வேண்டும், அப்புறம் எல்லோருமாகக் கையெழுத்துப் போட்டுக் கார்ப்பரேஷனில் போய் நிற்க வேண்டும். நம் பக்கத்துத் தமிழ்க் கடைக்காரர்கள் சரி என்றார்கள். மேல்கோடியில் இருக்கும் கன்னடக்காரர்கள், முக்கியமாக மாவு மில்காரர், "நோடோணம்மா, பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார்கள்.

"அவங்க வரலன்னா இது தமிழாளுங்க சமாச்சாரம்னு ஆயிடும். ஆபீசர் எட்டிக்கூட பாக்க மாட்டான். கன்னடத்துல ஒரு பேனர் போடுடி" என்றீர்கள்.

நீங்களே வாசகமும் சொன்னீர்கள். "நம்ம ஹளே பேட்டெ, நாவே உளிஸோண." நம் பழைய பேட்டையை நாமே காப்போம். கன்னடம் உங்கள் வாயில் தண்ணீராக ஓடும். எழுத்து மட்டும் தெரியாது. எனக்கும் அதே கதைதான். இதே ஊரில் பிறந்து, இதே ஊரில் ஜெராக்ஸ் கடையும் வைத்துக்கொண்டு, கன்னட எழுத்து தெரியாது என்று யாரிடம் சொல்வேன்? போனில் இங்கிலீஷ் எழுத்தில் அடித்தால் கன்னடத்தில் நாலைந்து சொல் வந்து நிற்கும். எல்லாம் எனக்கு ஒன்று போலத்தான் தெரிந்தன. பார்க்க அம்சமாக இருந்த ஒன்றைத் தொட்டேன். பிரிண்ட் எடுத்துக் காட்டியபோது நீங்கள், "எழுத்து நல்லா பெருசா இருக்குடி" என்றீர்கள்.

ஞாயிறு காலை உங்கள் பந்தல் கம்பில் பேனரைக் கட்டினோம். முதலில் படித்தவர் மில்காரர்தான். வேகமாக வந்தார், முகமெல்லாம் சிவந்து.

"என்னம்மா இது? நம்ம தெருவ ஹாளு பேட்டென்னு போட்டிருக்கீங்க?"

ஹளே என்றால் பழைய. ஹாளு என்றால் பாழ். நம் பாழாய்ப்போன பேட்டையை நாமே காப்போம் என்று இரண்டடி உயர எழுத்தில் தொங்கவிட்டிருக்கிறேன். அவருக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர். போச்சு, எல்லாம் போச்சு, என்னால் நீங்கள் பதினாலாவது மாடிக்குப் போகப் போகிறீர்கள் என்றுதான் தோன்றியது. உங்கள் முதுகுக்குப் பின்னால் போய் நின்றேன்.

நீங்கள் ஒரு நொடி என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். அவ்வளவுதான்.

"ஆமாண்ணா, நான்தான் அப்படிப் போடச் சொன்னேன். பொய்யா? மேல இருந்து கீழ வரைக்கும் நடந்து பாருங்க, எத்தன ஷட்டர் தொறந்திருக்குன்னு. ஹளேன்னு போட்டிருந்தா படிச்சிட்டுப் போயிருப்பீங்க. ஹாளுன்னு போட்டதாலதானே சண்டைக்கு வந்தீங்க? வந்துட்டீங்கல்ல, இந்தாங்க, தொடப்பத்தப் புடிங்க."

பின்னால் நின்றவர்களில் யாரோ சிரித்துவிட்டார்கள். மில்காரர் பேனரைப் பார்த்தார், சாக்கடையைப் பார்த்தார், துடைப்பத்தை வாங்கிக்கொண்டார்.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும். எத்தனை ஞாயிறுகள், கார்ப்பரேஷனுக்கு எத்தனை நடை. சாக்கடைக்கு மூடி வந்தது, லைட் வந்தது. சனிக்கிழமை சாயங்காலம் தெருவில் நாம் போட்ட கடைகளுக்கு மெட்ரோவிலிருந்து இறங்கி ஜனங்கள் வர ஆரம்பித்தார்கள். தீபாவளிக்கு முன்னால் உங்கள் மகனும் வந்தான். தெருவிலேயே நின்று தோசை சாப்பிட்டுவிட்டு, "சரிம்மா, இருந்துக்கோ" என்றான். கடைசிக் காய்ச்சல் வரும் வரைக்கும் கடைக் கல்லாவில்தான் உட்கார்ந்திருந்தீர்கள். அந்த மட்டில் எனக்கு நிம்மதி.

ஆனால் தெருவில் எல்லோரும் அந்தக் கதையை, அக்காவின் மூளையைப் பார் என்றுதான் சொன்னார்கள். நானும் கூடச் சேர்ந்து தலையாட்டினேன். நீங்கள் போன பிறகு அப்படித் தலையாட்ட முடியவில்லை. உங்கள் மகன் பேனரைக் கொடுத்த அதே வாரத்தில் நம் தெருக் கூட்டம் நடந்தது. எழுந்து சொல்லிவிட்டேன். அது தந்திரம் இல்லை, என் தப்பு, எனக்குக் கன்னடம் படிக்க வராது என்று.

மில்காரர்தான் மெதுவாகச் சொன்னார்.

"அது அன்னிக்கே எல்லாருக்கும் தெரியும்மா. சாயங்காலமே அக்கா மில்லுக்கு வந்தாங்க. அவளுக்கு எழுத்து தெரியாதுண்ணா, யாராச்சும் கேட்டா செத்தே போயிடுவா, கேக்காதீங்கன்னாங்க. நாங்க கேக்கல."

அவர் ஏன் என் கடையில் அடிக்கும் ஒவ்வொரு கன்னட நோட்டீஸையும் "சும்னே, சும்மா பாக்கறேன்" என்று வாங்கிப் பார்த்துத் திருத்திக் கொடுப்பார் என்று அப்போதுதான் புரிந்தது. இந்த மனுஷனுக்கு வேறு வேலையே இல்லையா என்று உங்களிடமே எத்தனை முறை புலம்பியிருக்கிறேன். நீங்களும் அழுத்தமாக உட்கார்ந்து கேட்டீர்களே! யார் வீட்டில் என்ன குழம்பு என்பதுகூட ஊருக்குத் தெரிந்துவிடும் தெரு இது. என் விஷயத்தை மட்டும் மூன்று வருஷம் ஒருத்தர்கூட வெளியே விடவில்லை. அத்தனை பேர் முன்னாலும் அழுதுவிட்டேன், அக்கா.

இப்போது தினமும் மத்தியானம் மில்காரரிடம் எழுத்து படிக்கிறேன். கோபக்கார வாத்தியார்.

இன்று காலை, கிருஷ்ணகிரியிலிருந்து வந்து புதிதாக ஜூஸ் கடை போட்டிருக்கும் பெண், வாசலில் கன்னடப் பலகை மாட்டியிருந்தாள். எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஹண்ணு என்றால் பழம், ஹெண்ணு என்றால் பெண். பழச்சாறு என்று எழுத வேண்டிய இடத்தில் பெண்சாறு என்று இருந்தது. எதிரே நாலு பேர் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு எதற்கென்று புரியவில்லை. ஆனால் தன்னைப் பார்த்துத்தான் என்று புரிந்து, முகம் சுண்டிப்போய் நின்றாள்.

நேராகப் போய் நடுவில் நின்றேன். "என்னப்பா சிரிப்பு? நான்தான் அடிச்சுக் குடுத்தேன், என் தப்பு. சாயங்காலம் மாத்திடுறேன்" என்றேன்.

அந்தப் பலகையை நான் கண்ணால் பார்த்ததே அப்போதுதான்.