திங்கட்கிழமை இடிக்கப்போகும் ரேடியோ ஃபேக்டரி

12 மார்ச் 2004, வெள்ளி

ஆஸ்திரேலியாவில் அந்தக் காலத்தில் ரேடியோ செய்த கட்டடங்களில் எவை மிச்சம் என்று ஃபோனில் விசாரிப்பதுதான் எங்கள் கால் சென்டரில் இப்போதைய வேலை. காலையிலிருந்து எல்லாமே ‘இல்லை’. கடைசியாகச் சிட்னியில் ஒரு வாட்ச்மேன் எடுத்தார்.

“இருக்கும்மா. திங்கட்கிழமை இடிக்கிறாங்க. நீங்க நிறுத்திடுவீங்களா?”

யாரிடமும் ‘முடியாது’ என்று சொல்லக் கூடாதென்று ட்ரெய்னிங்கில் பழக்கியிருக்கிறார்கள். “கண்டிப்பா சார்” என்றேன்.

“அப்போ இடிக்க வர்றவங்ககிட்ட சாவிய நான் குடுக்க மாட்டேன்.”

டீம் லீடர் மஞ்சுளா அக்காவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

“இன்னிக்கு நிக்குதில்ல? ‘இருக்கு’ன்னு போடு. ரிப்போர்ட்டே அடுத்த மாசம்தான் போகும். பஸ் கெளம்பிடும், வா.”

‘இருக்கு’ என்று போட்டேன். வாட்ச்மேனிடம் உண்மையைச் சொல்ல ரிசீவரை எடுத்தேன். டயல் செய்யாமலே வைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு, என்னை நம்பி அந்த வாசலில் நிற்பார்.