பக்கத்து வீட்டு சொக்கோரோ

செவ்வாய் இரவு, டாலஸ்.

பக்கத்து அபார்ட்மென்ட்டில் ஏதாவது உடையும்போதெல்லாம் அந்தப் பெண் "சொக்கோரோ" என்று கத்துவாள். ஏதோ வால் பிள்ளையின் பெயர் என்று நினைத்தோம். மதுரைக்காரியான என் காதில் சொக்கர் என்றே விழுந்தது. வயிற்றிலிருக்கும் பெண் பிள்ளைக்கே சொக்கோரோ என்று வைக்கலாம் என்று கணவன் ரமேஷிடம் சொல்லியிருந்தேன்.

இன்று ஆபீஸிலிருந்து கிளம்பும்போது மெக்சிகோக்காரி லூசியாவிடம் அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். எங்க அத்தை பெயர், மாதாவின் பெயரிலிருந்து வந்தது என்றாள். ஊரில் சகாய மாதா என்கிறோமே, அவள்தான். "ஆனா யாராவது அப்படிக் கத்தினா அது பேர் இல்ல. காப்பாத்துங்கன்னு அர்த்தம்."

படியேறும்போதே அதே கத்தல். 911-க்குப் பேசிக்கொண்டே அவர்கள் கதவை உதைத்தேன். அவள் புருஷன் திறந்தான். கையில் பெல்ட், அதன் பக்கிளில் ரத்தம். என்னைச் சுவரோடு தள்ளினான். ஸ்டீல் பிளாஸ்க்கால் அவன் மூக்கில் ஓங்கி அடித்தேன். எலும்பு உடையும் சத்தம் கேட்டது. இன்னும் இரண்டு போட்டிருக்க வேண்டும். அதற்குள் போலீஸ் வந்துவிட்டது.

"அப்போ அந்தப் பேரை ட்ராப் பண்ணிடலாமா?" என்கிறான் ரமேஷ்.

மாட்டேன். மகளை அப்படி யார் கூப்பிட்டாலும் நாலு கதவாவது திறக்கட்டும்.