ஈரக் கயிற்றைப் பிடிக்கிறவள்

என் வயிற்றில் முதலில் வந்து, எனக்கு முந்தியே கிளம்பிப் போன ஈஸ்வரிக்கு,

'நலமா' என்று எழுதிவிட்டு அடித்தேன். உன்னிடம் கேட்கிற கேள்வியா அது? ஆனால் கடிதம் என்றால் அப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். அஞ்சாவதோடு நின்றவளுக்கு வேறு ஆரம்பம் தெரியாது. நீ பொறுத்துக்கொள்வாய்.

உன் மகள் காவியாவைப் பற்றித்தான் எழுதுகிறேன். காலேஜில் இரண்டாம் வருஷம். காலையில் பஸ் ஏறித் தேனிக்குப் போனால் சாயங்காலம்தான் வருகிறாள். உன்னைவிட ஒரு சாண் உயரம். நடையில் அவள் அப்பா, கோபத்தில் நீ. மாப்பிள்ளை இன்னும் காய்கறி லாரிதான் ஓட்டுகிறார். குமுளி மலை ஏறி இறங்கி வாரத்துக்கு ஒரு நாள் வீட்டுப் பக்கம் வருகிறார். வேறு கல்யாணம் கட்டிக்கொள்ளச் சொல்லிப் பார்த்தேன். "பேசாம சோத்தப் போடுங்கத்தை" என்றார். அத்தோடு நானும் விட்டுவிட்டேன்.

எழுத வந்தது அவள் கையைப் பற்றி.

காலேஜில் சேர்ந்த புதிதில் ஒரு நாள் ஓடி வந்தாள். "அம்மாச்சி, என்னைய வடம் இழுக்குற டீம்ல சேத்துட்டாக." எந்த ஊர்த் தேருக்கு என்று கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தாள். இரண்டு பக்கமும் பிள்ளைகள் நின்று ஒரே கயிற்றை இழுக்கிற போட்டியாம். பொங்கலுக்கு நம் ஊர் இளவட்டங்கள் இழுப்பார்களே, அதேதான். இதற்கு விளையாட்டு சொல்லித்தர ஒரு மேடம் உண்டு, ஜெயித்தால் வெளியூர்ப் பயணமும் உண்டு.

அன்றிலிருந்து அவள் கை சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. பழைய டயர் டியூப்பை வெட்டிச் சுருட்டி, அதை அமுக்கிக்கொண்டே பாடம் படிப்பாள். செங்கலை விரல் நுனியால் கவ்விக்கொண்டு வாசலுக்கும் கொல்லைக்கும் நடப்பாள். தவிட்டுச் சாக்கை நனைத்து முறுக்கிப் பிழிவாள். கடைசிச் சொட்டு விழுந்த பிறகும் பிழிந்துகொண்டே இருப்பாள். கொல்லைப் புளியமரத்தில் கயிறு கட்டி, கை நடுங்குகிறவரை தொங்குவாள்.

முதலில் உள்ளங்கை சிவந்தது. பிறகு விரலுக்கு ஒன்றாக நீர்க்கொப்புளம். அது உடைந்து எரிந்ததில் சோறு பிசைய முடியாமல் ஸ்பூனில் அள்ளித் தின்றாள். மேல்தோல் உரிந்த இடம் காய்வதற்குள் மறுபடி கயிறு. கொஞ்சம் கொஞ்சமாக அந்த இடம் தடித்தது, மஞ்சள் பாய்ந்தது, மரத்துப்போனது. கடைசியில் நாலு விரலுக்கும் கீழே மொச்சைக் கொட்டை பதித்த மாதிரி நாலு காய்ப்பு. எனக்குத் தலை துவட்டிவிட்டால் நரைமுடி அவள் கையில் சிக்கி இழுக்கும். அவள் போன்கூட விரலை அடையாளம் தெரியாமல் திறக்க மறுத்தது. "பாரு அம்மாச்சி, நான் யாருன்னு இதுக்கே தெரியலையாம்" என்று என்னிடம் காட்டினாள்.

காய்ப்பு மேடாக வளர்ந்தால் கயிறு அதை அடித்தோலோடு பெயர்த்துவிடும் என்று மேடம் சொன்னாராம். அதனால் குளித்ததும் பாதம் தேய்க்கிற கல்லால் உள்ளங்கையைத் தேய்ப்பாள். நான் விளக்கெண்ணெய் தடவிவிடுவேன்.

பக்கத்து வீட்டுப் பேச்சியை உனக்குத் தெரியுமே, வாய் சும்மா இருக்குமா? "ஏ ஆத்தா, இது பொம்பளப் பிள்ளை கையா, மம்பட்டிக் காம்பா? நாளைக்கு வர்ற மாப்பிள்ளை கையத் தொட்டுட்டு ஓடியே போயிருவான்" என்றாள்.

"ஓடட்டும் சின்னம்மா. நான் பிடிச்சா எவன் ஓட முடியும்?" என்றாள் உன் மகள். பேச்சி வாயை மூடியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா?

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. தொங்குவதற்கு முன்னால் அந்தக் கயிற்றை வாளித் தண்ணீரில் முக்கி முக்கி எடுப்பாள். "ஏன்டி, போட்டியில காஞ்ச கயிறுதான தருவாக? ஈரத்துல தோலு ஊறிப் பிஞ்சுல்ல போகுது" என்று கேட்டேன்.

"காஞ்ச கயித்த யாரு வேணாலும் பிடிப்பாக" என்றாள். முகத்தை என் பக்கம் திருப்பவில்லை. நானும் மேலே கேட்கவில்லை. பயம்.

நீ போன அந்தச் சாயங்காலத்தைப் பற்றி நானும் அவளும் பேசிக்கொண்டதே இல்லை, ஈஸ்வரி. உனக்குத் தெரியாததா? ஆனாலும் ஊரார் எனக்குச் சொன்னதை உனக்குச் சொல்கிறேன். பள்ளிக்கூட லீவு என்று அவளும் உன்னோடு திராட்சைப் பந்தல் வேலைக்கு வந்திருந்தாள். இங்கே சுள்ளென்று வெயில். மேற்கே மலையில் பெய்த மழை ஓடையில் இறங்கி வந்துகொண்டிருந்தது யாருக்கும் தெரியவில்லை. வேலை முடிந்து ஓடையைக் கடக்கையில் பிள்ளையை முன்னால் கரையேற்றிவிட்டாய். நீ நடுவில் இருக்கும்போது செந்தண்ணீர் வந்துவிட்டது. அவள் கரையில் குப்புறப் படுத்து, ஒரு கையால் புங்கமர வேரைப் பிடித்துக்கொண்டு மறு கையை உனக்கு நீட்டினாள். நீ பிடித்தாய். கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தீர்கள் என்று, பின்னால் வந்த வேலையாட்கள் சொன்னார்கள். அவர்கள் ஓடி வருவதற்குள் நீ இல்லை. பிள்ளை பாதி உடம்பு கரைக்கு வெளியே தொங்கக் கிடந்தாளாம்.

"வழுக்கிருச்சு அம்மாச்சி, வழுக்கிருச்சு." அன்றைக்கெல்லாம் அவள் வாயில் அது ஒன்றுதான்.

அவளைக் குளிப்பாட்டியது நான். இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வேரைப் பிடித்த கை முழுக்கச் சிராய்ப்பு. உன்னைப் பிடித்த கையில் ஒரு கீறல் இல்லை. கொடி நுனி கிள்ளுவதற்காக நீ கட்டைவிரல் நகத்தை வளர்த்து வைத்திருந்தாய். வெள்ளம் உன்னைப் பிடுங்கிக்கொண்டு போயிருந்தால் அந்த நகம் அவள் மணிக்கட்டைக் கிழித்திருக்காதா? ஒரு கோடாவது போட்டிருக்காதா? அப்போதே எனக்குத் தெரிந்துபோயிற்று. தண்ணீர் உன்னைப் பிடுங்கவில்லை. நீயாக விரலை விரித்திருக்கிறாய். அவளும் உன்னோடு வந்துவிடுவாள் என்று கண்டிருக்கிறாய்.

இதை நான் மாப்பிள்ளையிடம்கூடச் சொல்லவில்லை. பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? வழுக்கிவிட்டது என்று நினைத்தால் தன் கையை நொந்துகொள்வாள். அம்மாவே கையை விட்டாள் என்று தெரிந்தால் தான் உயிரோடு இருப்பதையே நொந்துகொள்வாள். இதில் எது லேசு?

இப்படியே போயிருக்கும். ஆனால் போன மாதம் தேனியில் போட்டி நடந்தது. என்னையும் கூட்டிப் போனாள். முதல் இழுப்பில் நம் பிள்ளைகள்தான் ஜெயித்தார்கள். நான் எழுந்து நின்று கத்தினேன். "பாட்டி, உக்காருங்க, மறைக்குது" என்றார் பின்னாலிருந்தவர். "இழுக்குறது என் பேத்தி. வேணும்னா நீரும் எந்திருச்சுப் பாரும்" என்றேன்.

இரண்டாவது இழுப்பில் முன்னால் நின்ற பிள்ளை சறுக்கி விழுந்தாள். அவளுக்குப் பின்னால் எல்லாரும் சரிந்தார்கள். விசில் ஊதியாயிற்று. எல்லாரும் கயிற்றை விட்டார்கள். உன் மகள் விடவில்லை. எதிர்ப்பக்கம் இழுத்த வேகத்தில் கயிறு அவளையும் இழுத்துக்கொண்டு போனது. குப்புறக் கிடந்தபடி, கோடு தாண்டியும் போகிறாள். "விடு காவியா, விடு!" என்று மைதானமே கத்துகிறது. எனக்கு அங்கே மைதானம் தெரியவில்லை, ஓடைக்கரைதான் தெரிந்தது. கயிறு நின்ற பிறகும் அவள் விரல்களை மேடம்தான் ஒவ்வொன்றாகப் பிரித்தார். இரண்டு கையிலும் காய்ப்புகள் பெயர்ந்து போயிருந்தன. கயிற்றில் ரத்தம்.

அந்த மேடம் நல்ல மனுஷி. கையைக் கழுவிக் கட்டுப் போட்டுவிட்டு என்னைத் தனியே அழைத்தார். "பாட்டிம்மா, பிடிக்கிறதுக்கு இவளுக்கு நான் ஒண்ணும் சொல்லித்தர வேண்டியதில்ல. விட வைக்கத்தான் முடியல. இப்பிடியே போனா ஒரு நாளைக்குக் கையே போயிரும். விசில் சத்தத்துக்கு விடுற வரைக்கும் நான் இவளை டீம்ல நிறுத்த மாட்டேன். நீங்க பேசிப் பாருங்க."

திரும்பி வரும்போது பஸ்ஸில் கட்டுப் போட்ட கைகளை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலையே பார்த்து வந்தாள். "என்னைய எடுத்துருவாகளா அம்மாச்சி?" என்று ஒரு தடவை கேட்டாள். சின்னப் பிள்ளைக் குரல்.

புண் ஆறிப் புதுத்தோல் வந்தது. அவளை முதன்முதலாக என் கையில் வாங்கினேனே, அன்றைக்கு இருந்த தோல் மாதிரி அவ்வளவு மெல்லிசு. மருதாணி வைத்தால் தோல் உரமேறும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இலை பறித்து அரைத்தேன். பூவும் புள்ளியும் இல்லாமல் இரண்டு உள்ளங்கையிலும் அப்பிவிட்டேன். கையை விரித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். இனி எழுந்து ஓட மாட்டாள் என்று பேச்சை எடுத்தேன்.

"காவியா, அன்னைக்கு ஓடையில உன் கை வழுக்கல. உங்கம்மா..."

"விரல விரிச்சிருச்சு" என்றாள். "எனக்குத் தெரியும் அம்மாச்சி. நான் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்."

"அப்ப வழுக்கிருச்சுன்னு ஏன்டி சொன்ன?" என்றேன்.

"உன் மக தானாக் கைய விட்டுருச்சுன்னு உன்கிட்ட எப்பிடிச் சொல்றது? நீ தாங்குவியா?"

கேட்டாயா ஈஸ்வரி? இத்தனை வருஷமாக ஒரே பாயில் படுத்துக்கொண்டு, ஒரே விஷயத்தை ஒருத்திக்குத் தெரியாமல் ஒருத்தி மறைத்து வைத்திருந்திருக்கிறோம்.

பிறகு அவளே பேசினாள். "கயிறு நம்மளைப் பிடிக்காது அம்மாச்சி, நாமதான் அதைப் பிடிக்கணும். ஈரமாயிருச்சுன்னா அது போகத்தான் பாக்கும். அப்பவும் என்னால பிடிக்க முடியுதான்னு பாக்குறேன். அம்மா விட்டாலும் நான் விடாமப் பிடிச்சிருக்கணும்ல?"

"கிறுக்கச்சி. நீ சின்னப் பிள்ளைடி. நீயும் சேந்து போயிருப்ப."

"அம்மா கடைசியா என் மூஞ்சியப் பாக்கல. என் கையத்தான் பாத்துச்சு. பாத்துட்டுத்தான் விட்டுச்சு. இந்தக் கை தாங்காதுன்னு நெனச்சிருச்சு. இப்ப இருக்குற கையா இருந்தா விட்டிருக்குமா அம்மாச்சி?"

கண்ணீர் ஓடுகிறது. துடைக்க அவளுக்குக் கை இல்லை. முந்தானையால் நான்தான் துடைத்தேன்.

விட்டிருப்பாயா, ஈஸ்வரி? அந்தக் கேள்வியை இப்போது உன்னிடம்தான் கேட்கிறேன். எனக்குத் தோன்றியதை அவளிடம் சொன்னேன். "அது உன் கையப் பாக்கலடி. உனக்குக் கீழ இடிஞ்சுக்கிட்டிருந்த மண்ணப் பாத்துச்சு. பயில்வான் கையா இருந்தாலும் விட்டிருக்கும்." நம்பினாளா, என் மனசு நோகக் கூடாது என்று தலையாட்டினாளா, தெரியவில்லை. நான் சொன்னது சரிதானா என்பதும் உனக்குத்தான் தெரியும்.

கொஞ்ச நேரம் கழித்து, "கையக் குடு அம்மாச்சி" என்றாள். மருதாணியோடு என் கையைப் பிடித்தாள். அப்படி ஒரு பிடி. "வலிக்குதா?" "இல்லடி." பொய்தான், எலும்பு நொறுங்கியது. மருதாணி காய்ந்து பொடியாக உதிர்கிறவரை பிடித்துக்கொண்டிருந்தாள். அப்புறம் ஒவ்வொரு விரலாக, அவளேதான் எடுத்தாள்.

என் கையில் அவள் விரல் பட்ட இடமெல்லாம் சிவந்துவிட்டது. "என்ன பெரியம்மா, இந்த வயசுல மருதாணி?" என்று பேச்சி கேலி செய்கிறாள். செய்துவிட்டுப் போகட்டும்.

இந்த வாரத்திலிருந்து பயிற்சிக்கு மட்டும் வரச் சொல்லியிருக்கிறார் மேடம். விசில் ஊதினதும் விடுகிறாயா என்று கேட்டேன். "கொஞ்சம் பிந்துது" என்றாள். கயிற்றை இன்னும் நனைக்கிறாள். நான் தடுக்கவில்லை. வாளியில் தண்ணீர் ரொப்பி வைப்பதே நான்தான்.

எனக்கும் வயசு ஏறிக்கொண்டே போகிறது. ஒரு நாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் நானும் கிளம்புவேன். நீ செய்ததைத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வராது. உனக்கு நேரம் இருக்கவில்லை. எனக்கு வெள்ளமும் இல்லை, இடிகிற கரையும் இல்லை. அதனால் உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அன்றைக்கு என் விரலை நான் முதலில் விரிக்க மாட்டேன். அவளுக்குப் போதும் என்று ஆகிறவரை, உள்ள தெம்பையெல்லாம் திரட்டிப் பிடித்துக்கொண்டிருப்பேன். அவளாக விட்ட பிறகுதான் உன்னிடம் வருவேன்.

உன்னைப் பெற்றவள்,
உன் மகளுக்கு அம்மாச்சி.