ஆளப்பிறந்தாளின் கல்

ஜூலை 14, ஞாயிறு

திருப்பதி. காற்றே இல்லை. மலை மேல் மட்டும் மேகம், கீழே புழுக்கம். துவைத்துப் போட்ட மூன்று சுடிதாரும் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிட்டன. விடுதியில் பாதிப் பேர் ஊருக்குப் போயாயிற்று. எழுத நல்ல அமைதி.

23, செவ்வாய், கருத்தரங்கம். எனக்குப் பதினைந்து நிமிடம். மேடையில் பேசுவது முதல் தடவை. தலைப்பு: ஆளப்பிறந்தாள், வாழ்வும் குடும்பமும்.

கைவசம்:
– கல்லின் முன்பக்கத்தைப் பார்த்து சார் எழுதிய கைநகல். ஒரு பழைய போட்டோ.
– சார் புத்தகத்தில் அவளைப் பற்றி ஆறு வரி.
– என் சந்தேகம்.

சார் என்றால் ஆய்வுத் திட்டத்தில் உதவியாளராக என்னை எடுத்தவர். இந்தப் பக்கத்துக் கல்வெட்டுகளுக்கு எல்லோரும் அவர் புத்தகத்தைத்தான் புரட்டுகிறார்கள். ஆறு வரியின் சாரம்: பழங்காலத் தலைவன் ஒருவனின் மனைவி. பக்தி மிக்கவள். கணவனின் நிலத்தில் ஒரு பங்கைக் கோயில் விளக்குக்குக் கொடுத்தாள். முடிந்தது.

சந்தேகம் இது. கடைசி வரி பாதியில் நிற்கிறது. ‘கல்லின் அடிப்பகுதி சிதைந்தது’ என்று சார் குறிப்பு. ஆனால் போட்டோவில் அடி முழுசாக இருக்கிறது. அடி உடையவில்லை என்றால் மிச்ச வாக்கியம் எங்கே? பக்கவாட்டில் திரும்பியிருக்கும். பலகைக் கல்லில் அப்படித்தான் எழுதுவார்கள். எனக்கு இதில் தயக்கமே இல்லை. வாயைத் திறக்கத்தான் தயக்கம்.

சாரிடம் சொல்லாத ஒன்று. கல் இருப்பது நாராயணவனத்துக்குப் பக்கத்தில், என் அம்மா பிறந்த ஊரில், ஏரிக்கரையில். ஊர்க்காரர்களுக்கு அது கல்வெட்டு இல்லை. ஏரியம்மா. மஞ்சள், எண்ணெய், குங்குமம். சார் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஜூலை 15, திங்கள்

சாரிடம் கேட்டேன். கேட்டேன் என்பதே பெரிய விஷயம். பக்கவாட்டில் ஏதாவது எழுத்து இருக்குமா சார்?

நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “ஏமீ லேதம்மா. நூனெ, பசுபு, அந்தே.” ஒன்றுமில்லை, எண்ணெயும் மஞ்சளும்தான்.

“சரி சார்.”

மாடிப்படி இறங்கும்போது நல்ல நல்ல பதில்களாக வந்தன. அடுத்த தடவை படியிலேயே கேட்க வேண்டும்.

மதியம் எலுமிச்சை சாதம். உப்பு இல்லை.

ஜூலை 16, செவ்.

புத்தூர் பஸ், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. அம்மாவிடம் சொல்லாமல் போனேன். ஏரியில் தண்ணீர் நடுவில் மட்டும். கல் என் இடுப்பு உயரம். முன்பக்கம் ஓரளவு தெரிகிறது. இரண்டு பக்கமும் விரல் தடிமனுக்கு எண்ணெய்ப் பிசுக்கு, கறுப்பாக, அடையடையாக. உள்ளே பள்ளங்கள். நகத்தால் மெல்லச் சுரண்ட ஆரம்பித்தேன்.

“ஏய், யாரும்மா அது! கை எடு!”

கரைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பெரியம்மா. பெயர் ராஜம்மா. மேல்தெரு. ஏரியம்மாவுக்கு எல்லாம் இவர்தான் என்று ஆட்டோக்காரர் முன்பே சொல்லியிருந்தார்.

“காலேஜ்ல இருந்து வரேன். படிக்கறதுக்கு.”

“படிக்கறவங்க புஸ்தகத்த படிங்க. இத தொடறதுக்கு முறை கீது. ஆடி மொத வெள்ளிக்கிழமை கழுவுவாங்க, தள்ளி நின்னு பாத்துட்டு போ.”

கம்பித் தூரிகை பையில்தான் இருந்தது. வெளியே எடுக்காதது நல்லதாயிற்று. திரும்பி வந்தேன். வழியில் கொய்யாக்காய், நாலு. வருத்தமில்லை. பள்ளங்கள் இருக்கின்றன. விரல் பொய் சொல்லாது.

ஜூலை 17, புதன்

ஆடி முதல் நாள். அம்மாவுக்குப் போன். சித்தூர்ப் பக்கம் மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் தோல் சீவும் வேலை, சீசன் முடிகிற சமயம். பின்னால் மெஷின் சத்தம்.

“ஏரியம்மாவ யாரு கழுவலாம்மா?”

“அந்த ஊர்ல பொறந்த பொண்ணுங்கதான். கட்டிக்கினு வந்த மருமவளுங்க தொடக்கூடாது. ஆம்பளைங்க புளியமரத்த தாண்டி வரக்கூடாது. ஏன்?”

சொன்னேன், எல்லாம்.

“உங்க சாரா? சின்ன வயசுல பாத்துகீறேன் ஒரு சார. கண்ணாடி போட்டுக்கினு புளியமரத்தாண்ட நின்னு, எட்டி எட்டி பாத்து எழுதிக்கினு போனாரு. நாங்க பசங்கல்லாம் சுத்தி நின்னோம்.”

புளியமரம் கல்லுக்கு நேர் எதிரே. அங்கே நின்றால் முன்பக்கம் மட்டும்தான் தெரியும். சார் பக்கங்களைப் பார்க்கவே இல்லை. பார்க்க விடவில்லை. அவ்வளவுதான் விஷயம்!

“நீ கழுவியிருக்கியா?”

மெஷின் சத்தம் தள்ளிப் போயிற்று. “நாங்க கொடத்துல தண்ணி கொண்டுபோய் வெப்போம். தேய்க்கறது மேல்தெரு பொண்ணுங்க.” பிறகு, “வெள்ளிக்கிழமை லீவு போடறேன். நீ நேரா புத்தூர் வந்துரு.”

நைனாவும் அங்கேதான் வேலை. அம்மாவிடமிருந்து போனை வாங்கி, “இன்னாம்மா, அந்தம்மாவுக்கு எத்தினி ஏக்கரா?” என்றார். ஏரிக்குக் கீழே முழுதும் இருக்கும் என்றேன். “நமக்கும் கீதே ரெண்டு. ஒண்ணரை பாறை.” அவர் சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று.

ஜூலை 19, வெள்ளி

விவரமாக எழுத வேண்டும். மறந்துவிடக் கூடாது.

காலை எட்டு. அம்மா நீலப் புடவை, கையில் சீயக்காய்ப் பொட்டலம். புளியமரத்தடியில் ஆண்கள். கல்லிலிருந்து பத்தடி தள்ளி மருமகள்கள். கல்லருகே இரண்டே பேர்: ராஜம்மாவின் மகள் லாவண்யா (கல்யாணமாகி பெங்களூர், ஆடிக்குத் தாய்வீடு வந்திருக்கிறாள்), அவள் சித்தப்பா மகள். மற்ற மகள்களுக்கு லீவு கிடைக்கவில்லையாம். வெந்நீர் அண்டா, தேங்காய் நார், அரப்பு, சீயக்காய். தலைக்கு எண்ணெய் வைத்த பெண்ணைக் குளிப்பாட்டுவதற்கு என்னென்னவோ அதே சாமான்கள்.

அம்மா நேராகப் போய் உட்கார்ந்து நாரை எடுத்தாள். நான் பின்னால்.

“கங்கா, இன்னா பண்ற?” ராஜம்மா அம்மாவைக் கேட்டார்.

“கழுவப்போறேங்க்கா.”

“கொடத்த வெச்சிட்டு வா. அதான வழக்கம்?”

“வழக்கம் ஊர்ல பொறந்தவ தொடலாங்கறதுதான. நான் இந்த ஊர்ல பொறந்தவ.”

“மேல்தெருவுல பொறந்தவங்க.”

“அப்படி யாரு சொன்னது? ஓட்டு லிஸ்ட்டுல காலனிக்கு தனி ஊரு பேரா போட்டுகீறான்?”

மரத்தடியில் ஆண்கள் இந்தப் பக்கம் திரும்பினார்கள். எனக்குக் காது சுட்டது. எழுந்து போய்விடலாம் என்று கால் சொன்னது. போகவில்லை.

“சரி, நீ பொறந்தவ. உம்பொண்ணு? சித்தூர்ப் பக்கத்துப் பொண்ணு, அன்னிக்கு வந்து நகத்தால நோண்டறா.”

“தலைப்பிரசவத்துக்கு அம்மா வூட்டுக்குதானக்கா வருவாங்க? புத்தூர் ஆஸ்பத்திரிக்கு கௌம்பினோம், மழைல பஸ்ஸு வரல. அந்த மூணாவது வூடு, அங்கதான் இவ பொறந்தா. வெந்நீ போட்டுக் குடுத்தது உங்க வூட்டு அண்டாதான். மறந்துட்டியா?”

ராஜம்மா அண்டாவைப் பார்த்தார். மறக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. அம்மா விட்டிருக்கலாம். விடவில்லை.

“ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காத. நீ திருத்தணில இருந்து கட்டிக்கினு வந்தவ. தள்ளி நிக்க வேண்டியது யாரு?”

மருமகள்கள் வரிசையில் யாரோ புடவைத் தலைப்பில் சிரிப்பை அடக்கினார்கள். அடங்கவில்லை. ராஜம்மா கல்லிலிருந்து பத்தடி தள்ளித்தான் நின்றிருந்தார். இத்தனை வருடமும் அங்கிருந்தேதான் அதிகாரம்.

லாவண்யா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். “எம்மா, அஞ்சி பேரு தேய்க்கிற கல்லு இது. ரெண்டு பேரா தேய்ச்சா பொங்கலுக்குதான் முடியும். வுடு, வரட்டும்.” எனக்கு ஒரு நாரை வீசினாள்.

ராஜம்மா பெருமூச்சு விட்டு, “தேய்க்கறவங்க ஒழுங்கா தேய்ங்க. அரைகுறையா வுட்டுட்டு எழுந்துக்கக்கூடாது” என்றார். அதுதான் அனுமதி.

நான் இடது பக்கம், அம்மா வலது. வெந்நீர் ஊற்றி, அரப்பு, சீயக்காய், மறுபடி வெந்நீர். பிசுக்கு கறுப்பு வடையாகப் பெயர்ந்தது. ஒன்றரை மணி நேரம். வருடா வருடம் முன்பக்கத்தைத்தான் நன்றாகத் தேய்ப்பார்களாம், பக்கங்களுக்கு வெறும் தண்ணீர். விரல் முட்டி எல்லாம் சிவப்பு. கடைசியில் மஞ்சள் அரைத்துப் பூசி ஈரத்துணியால் ஒரே துடைப்பு. மேலே இருந்த மஞ்சள் போயிற்று, பள்ளத்தில் இருந்தது நின்றது.

எழுத்து. மேலிருந்து கீழ்வரை, மஞ்சளாக, எழுத்து.

நல்ல வெளிச்சம். நாற்பது போட்டோ.

“இன்னாடி எழுதிகீது?” லாவண்யா.

சத்தமாகப் படித்துச் சொன்னேன். நான், அத்தனை பேர் நடுவில். முன்பக்கத்துக் கடைசி வரி மூலை திரும்பி இடது பக்கத்தில் தொடர்கிறது. ஊரும் ஏரியும் அவள் அப்பாவுடையவை. ஆண் பிள்ளை இல்லை. நாட்டுப் பெரியவர்கள் முன்னால் அவற்றை அப்பா அவள் கையில் நீர் வார்த்து, அவளுக்கே உரிமையாக்கிக் கொடுத்தார். வலது பக்கம்: அவள் ஏரிக்குக் கீழே ஒரு பங்கை விளக்குக்கு வைத்து, மிச்சத்தைத் தன் மகளுக்கு அதேபோல் நீர் வார்த்துக் கொடுத்தாள்.

பத்தடி தூரத்திலிருந்து ராஜம்மா: “புருஷன் இன்னா பண்ணானாம்?”

“சாட்சி போட்டிருக்கார் அத்தை. மூணாவதா.”

“அவ்ளோதானா!”

இந்தத் தடவை புளியமரத்தடியிலும் சிரிப்பு.

கூழ் குடித்தோம். பஸ்ஸில் அம்மா தூங்கிவிட்டாள். நகக்கண்ணில் மஞ்சள்.

ஜூலை 20, சனி

நாள் முழுதும் போட்டோவைப் பெரிதாக்கிப் படித்தேன். சார் கண்ணால் பார்த்து நானே ஆட்சேபம் எழுப்பினேன். பக்கங்கள் பிற்காலத்தில் சேர்த்ததாக இருக்குமோ? இல்லை. எழுத்தின் வடிவம் ஒன்று, உளியின் அகலம் ஒன்று, வாக்கியம் ஒன்று.

குடும்பம், இதுவரை:
அப்பா – பெயர் பாதி தேய்ந்திருக்கிறது. கடைசியில் ‘அரையன்’.
ஆளப்பிறந்தாள் – ஒரே மகள்.
மகள் – சிறியநங்கை.
கணவன் – நீளமான பட்டப் பெயர். சாட்சி 3.
அம்மா – இல்லை. எங்கேயும் இல்லை. அது மட்டும் உறுத்துகிறது. இருந்திருப்பாள்தானே.

மாலை ஐந்து நிமிட மழை. மண் வாசனை, உடனே வெயில்.

ஜூலை 22, திங்கள்

நாளை. புடவையா சுடிதாரா? புடவை என்றால் நடக்கும்போது யோசனை அதில் போகும். சுடிதார்.

விடுதி மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துப் பேசிப் பழகினேன். பதினெட்டு நிமிடம். ‘ஒருவேளை’ என்று ஏழு இடத்தில் சொல்லியிருக்கிறேன். ஏழையும் அடித்தேன். பதினாறு நிமிடம்.

சாரிடம் முன்கூட்டிச் சொல்லலாமா என்று அவர் அறை வாசல்வரை போனேன். உள்ளே ஆள். திரும்பிவிட்டேன். ஆள் இல்லாவிட்டாலும் திரும்பியிருப்பேன், உண்மையைச் சொன்னால்.

ஜூலை 23, செவ்.

அரங்கில் ஏ.சி. குளிர். அறுபது பேர் இருக்கும். அமர்வுத் தலைவர் சார்தான்.

முதல் இரண்டு நிமிடம் என் குரல் எனக்கே கேட்கவில்லை. “மைக், மைக்” என்றார்கள். இழுத்து வைத்துக்கொண்டேன். இடது பக்கப் படம் திரையில் வந்ததும் சரியாகிவிட்டது. மஞ்சள் எழுத்து, ஆள் உயரத்துக்கு. அதன் பிறகு நான் படித்தேன், அவ்வளவுதான். படிக்க எனக்குப் பயமில்லை.

மனைவி என்பதற்கு முன்னால் அவள் மகள் என்றேன். நிலம் கணவனுடையது இல்லை என்றேன். சார் பெயரைச் சொல்லவில்லை. எல்லோரும் சாரைப் பார்த்தார்கள்.

சார் கண்ணாடியைக் கழற்றினார். தெலுங்கில்தான் கேட்டார். அந்தக் கல்லை நானே நேரில் பார்த்தேனே, அம்மா. பக்கத்தில் எழுத்து இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்காதா?

நானும் தெலுங்கில் சொன்னேன். சார், உங்களைப் புளியமரத்தைத் தாண்ட விட்டிருக்க மாட்டார்கள். அங்கிருந்து முன்பக்கம்தான் தெரியும். யார் நின்றிருந்தாலும் அந்த ஆறு வரியைத்தான் எழுதியிருப்பார்கள்.

சார் கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டார்.

“நின்னு எவரு தாட்டனிச்சாரு?” உன்னை யார் தாண்ட விட்டார்கள்?

“நான் அந்த ஊரில் பிறந்தவள் சார்.” இதைத் தமிழில் சொல்லிவிட்டேன். தானாக வந்தது.

சார் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து அருகே போய், மூலை திரும்பும் வரியில் விரல் வைத்து, உதடு அசையப் படித்தார். இரண்டு தடவை. நேரம் முடிந்த மணி அடித்தார்கள், அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

வெளியே காபி. சார் வந்தார். சாட்சிகள் வரிசை இன்னும் எனக்கு ஒப்பவில்லை, போட்டோ நாற்பதையும் அனுப்பு என்றார். அனுப்புகிறேன் என்றேன். போகத் திரும்பியவர் நின்றார். புத்தகம் மறுபதிப்புக்குப் போகிறது. அந்த ஆறு வரியை எடுத்துவிடுகிறேன். அந்த இடத்தில் நீ எழுது. உன் பெயரிலேயே. இரண்டு வாரம் அவகாசம் என்றார்.

“சரி சார்” என்று சொல்லவில்லை. “எத்தனை வரி சார்?” என்றேன்.

எத்தனை வேண்டுமோ அத்தனை.

விடுதி. முகம் கழுவிவிட்டு உட்கார்ந்தேன். முதல் வரி வந்துவிட்டது. அவள் அப்பா, அவள், ஏரி. கணவர் அதில் இல்லை. வருவார், மூன்றாம் பக்கத்தில், சாட்சிகளோடு.