வாப்பா வரும் கண்ணாடி

காத்தான்குடி
2.2.2025

அன்பின் மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

டோஹாவுக்குப் பயணம் வரும் பாறூக் நானாவின் கையில் இந்தக் கடிதத்தையும், வீடியோவில் பார்த்துக்கொள்ள நீங்கள் அங்கே வாங்கி அனுப்பிய டெப்பையும் கொடுத்துவிடுகிறேன். திரும்பவும் படுத்துவிட்டது. தாடியைத் தடவி ‘வாப்பா’ என்று மகளுக்குச் சைகை காட்டுவீர்களே, அந்தக் கை தாடியிலேயே உறைந்து நிற்கும். பிறகு திரை கறுத்துப்போகும். வாங்கிய நாட்டில்தான் திருத்துவார்களாம். கம்பனிக்கு எழுதினேன். “இந்த இலக்கத்துக்கு அழைத்துப் பேசுங்கள்” என்று பதில். பிறவியிலேயே காது கேளாத நமக்கு! செவிடன் காதில் சங்கு ஊதுவார்கள் என்பார்கள். இவர்கள் செவிடியையே ஊதச் சொல்கிறார்கள்.

இன்னொரு சேதி. தங்கைக்குத்தானே என்று சபீனா தாத்தா தரும் பட்டன் போனில் எழுதி அனுப்ப மனம் வரவில்லை. முதலில் நீங்கள்தான் அறிய வேண்டும். பின்னேரம் ஸஹ்ராவை மடியில் வைத்து வாசலில் இருந்தேன். திடீரென்று ஒழுங்கை முனையைத் திரும்பிப் பார்த்துக் குதித்தாள். அங்கே ஒன்றுமில்லை. கொஞ்சம் பொறுத்துத்தான் பேக்கரியின் பாண் ஆட்டோ திரும்பி வந்தது. அது பாட்டுப் போட்டுக்கொண்டு வருமாம், தாத்தா சொல்லியிருக்கிறா. மறுநாளும் அப்படியே.

மச்சான், நம் மகளுக்குக் காது கேட்கிறது. நம் கண்ணில் படுமுன்பே அவளிடம் ஒன்று வந்து சேர்ந்துவிடுகிறது. அல்ஹம்துலில்லாஹ்.

உங்கள் அஸ்மியா

டோஹா
27.3.2025

அன்பின் அஸ்மியாவுக்கு, வஅலைக்கும் ஸலாம்.

தையல் மிஷினை நிறுத்திவிட்டு அழுதேன் புள்ள. யாரோ மௌத்தாகிவிட்டார்கள் என்று நினைத்துப் பக்கத்து மிஷின்காரர் தோளைப் பிடித்துக்கொண்டார். நம் இருவருக்கும் கேட்கிற பிள்ளை. அல்லாஹ்வின் வேலையை யார் அளப்பது?

டெப்பைத் திருத்துமிடத்துக்குக் கொண்டுபோனேன். எனக்குக் காது கேட்காது என்று எழுதிக் காட்டினேன். அந்த மனிதர் பாவப்பட்டுத் தலையாட்டிவிட்டு, அதே தொலைபேசி இலக்கத்தை இன்னும் பெரிதாக எழுதித் தந்தார். பிறகு திருத்தியாகிவிட்டது என்றார்கள். அறைக்கு வந்து பார்த்தால் பழைய கறுப்புத்தான். ஊர் வரும் நளீரிடம் அனுப்புகிறேன், அங்கே யாராவது பார்க்கட்டும்.

மறைக்காமல் சொல்கிறேன், பயமாகவும் இருக்கிறது. மற்ற வாப்பாமார் குரலை அனுப்பிப் பிள்ளையைப் பழக்குகிறார்கள். என்னிடம் இருப்பது கை மட்டும்தான். அதைக் காட்டவும் வழியில்லை. கேட்கிற பிள்ளை பேசுகிறவர்களோடு சேர்ந்து என்னை மறந்துவிடுவாளோ? வேறு டெப் பார்க்கிறேன்.

உன் றிஸ்லான்

காத்தான்குடி
18.4.2025

அன்பின் மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

டெப் வந்தது. இங்கேயும் கைவிரித்துவிட்டார்கள். அலுமாரியோடு சாய்த்துவைத்துவிட்டுச் சோறு வடிக்கப் போனேன். வந்து பார்த்தால் ஸஹ்ரா தவழ்ந்துபோய் அதன் முன்னால் இருக்கிறாள். கறுத்த கண்ணாடியில் அவளுடைய முகம்தான் தெரிந்தது. அவளோ உங்களைத் தேடினாள். பிறகு சின்னக் கையைத் தூக்கித் தன் தாடையைத் தடவினாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். மறுபடியும் தடவினாள்.

நான் அசையவே இல்லை மச்சான். அப்போது யாரும் செய்து காட்டாமல் தானாகவே கூப்பிட்டாள். அவளுடைய முதல் சொல் அதுதான். அந்த நேரம் பாண் ஆட்டோ வந்து வாசலில் நின்றது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

வேறு டெப் பார்க்க வேண்டாம். டிக்கட்டைப் பாருங்கள். பிள்ளை கூப்பிட்டுவிட்டது. கம்பனிக்காரரைப் போல இலக்கம் அனுப்பாமல், நேரே வாருங்கள்.

உங்கள் அஸ்மியா