எல்லாம் கமலாக்ஷி பெயரில்

மட்டாஞ்சேரி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள அத்தானுக்கு,

மகா எழுதுவது. நானும் நம் குழந்தை ஸாதனாவும் சுகம். நீங்கள் பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறீர்கள் என்று நம்புகிறேன். இதைப் படிக்கும் முன் மறக்காமல் போட்டுக்கொள்ளுங்கள். போனில் நான் பாதி சொல்லும்போதே "சரி, விடு" என்கிறீர்கள். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. அதனால்தான் மஸ்கட் திரும்பும், என் கம்பெனித் தோழி ஷபானாவின் அண்ணன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மானேஜர் விஸ்வநாத் சார் கேட்ட மன்னிப்புக் கடிதத்தை நான் தரவில்லை. வேலை போனாலும் தர மாட்டேன்.

எங்கள் கம்பெனியில் எல்லாமே முதலாளியின் அம்மா பெயரில்தான் என்பது உங்களுக்குத் தெரியும். லாரியில் கமலாக்ஷி, மிளகுச் சாக்கில் கமலாக்ஷி, கோடவுன் பூனைக்கும் அதே பெயர். டேட்டாபேஸ் வைத்தபோதும் அந்த ராசியை விடவில்லை. நான் எழுதிய எடை புரோகிராம், பில் போடும் புரோகிராம், சம்பளப் புரோகிராம் எல்லாம் ஒரே சர்வரிலிருந்து, கமலாக்ஷி என்ற ஒரே பெயரைச் சொல்லித்தான் டேட்டாபேஸுக்குள் போகும். ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் கொடுக்கலாம் என்று நான் கேட்டபோது, அம்மா பெயருக்கு என்ன குறைச்சல் என்று முதலாளி வருத்தப்பட்டார். நானும் விட்டுவிட்டேன்.

இந்த மாதம் எடை போடுவது அடிக்கடி நின்றுபோனது. ஏதோ ஓர் இணைப்பு சரக்கு இருப்புக் கணக்கைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. யாருடையது என்று பார்த்தால் கமலாக்ஷி. மற்றதெல்லாமும் கமலாக்ஷி. எல்லார் கண்ணுக்கும் தெரிந்து உறைந்தது என் எடைத் திரை, அதனால் பழியும் என் தலையில். அடி வாங்கியவளையே அடித்தவள் என்று பிடித்த கதைதான். ஒவ்வொரு தடவையும் மானேஜர் விஸ்வநாத் சார் சர்வரை ரீஸ்டார்ட் செய்யச் சொல்வார். செய்தால் எல்லா இணைப்பும் அறுந்துவிடும். சரக்கு நகரும், தடயமும் போய்விடும்.

வெள்ளிக்கிழமை மறுபடி நின்றது. பஜார் ரோடு நெடுக லாரிகள், ஒரே ஹாரன் சத்தம். ரீஸ்டார்ட் செய், ரீஸ்டார்ட் செய் என்று எல்லாரும் கத்தினார்கள். யாருடையது என்று பார்த்துவிட்டுத்தான் செய்வேன் என்று கீபோர்டை விடாமல் உட்கார்ந்துவிட்டேன். எடை மேடையில் நிற்கும் ஷபானாதான் லாரி ஓட்டும் சேட்டன்மாரைச் சமாதானம் சொல்லி சாயா குடிக்க அனுப்பிவைத்தாள். அவள் நன்றாக இருக்கட்டும்.

பெயர் ஒன்றானாலும் ஒவ்வோர் இணைப்புக்கும் வண்டி நம்பர் மாதிரி தனி போர்ட் எண் உண்டு, அத்தான். வழியை மறித்து நின்ற இணைப்பின் எண்ணை டேட்டாபேஸில் எடுத்தேன். அந்த எண் எந்தப் புரோகிராமின் கையில் இருக்கிறது என்று சர்வரில் தேடினேன். அது மானேஜருடைய புரோகிராம். போனிலிருந்தே சரக்கு இருப்பைத் திருத்த அவர் எர்ணாகுளத்தில் எழுதி வாங்கியது. பாதித் திருத்தத்தில் போனைப் பையில் போட்டுக்கொண்டு வேறு வேலைக்குப் போய்விடுவார், திரும்ப வந்து முடிக்கும்வரை கோடவுனே காத்துக் கிடக்கும். கொஞ்சம் போனை எடுத்துப் பாருங்கள் சார் என்றேன். பாதித் திருத்தம் அப்படியே இருந்தது. அவர் அதை முடித்ததும் எடைத் திரை ஓடத் தொடங்கியது.

அவர் முகம் சுண்டிப்போனது. பிறகு எல்லார் முன்னாலும் சொன்னார்:

"உன் ஆத்துக்காரரே நேத்து போன் பண்ணி, தப்பு அவளோடதுதான், மன்னிச்சுக்கோங்கோன்னுட்டார். உனக்கு மட்டும் என்ன வீம்பு?"

ஷபானா தலையைக் குனிந்துகொண்டாள். உங்களுக்கு மஸ்கட்டில் வேலை வாங்கித் தந்தவர் அவர். உங்கள் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன், அது தெரிந்துதான் கேட்கவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, மன்னிப்புக் கடிதம் எழுதித் தரச் சொல்லி அவர் என் முன் வைத்திருந்த தாளில், "அந்த இணைப்பு என் புரோகிராமுடையது அல்ல" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். கிளம்பும் முன் என் புரோகிராம் மட்டும் இனி தன் பெயரையும் சேர்த்துச் சொல்லி உள்ளே போகும்படி மாற்றிவிட்டேன். நாளைக்கு எனக்கு வேலை இருக்குமோ இருக்காதோ, அது யாருடையது என்று இனி யாருக்கும் சந்தேகம் வராது.

இங்கே மழை விட்டபாடில்லை. ஸாதனாவுக்குத் தமிழ் எழுத்து வராததால் கீழே மலையாளத்தில் உங்களுக்கு ஒரு வரி எழுதியிருக்கிறாள். அம்மா தப்பு செய்யவில்லை என்றால் அச்சன் ஏன் ஸாரி சொன்னார் என்று கேட்கிறாள். அதை நீங்களே அவளுக்குச் சொல்லுங்கள்.

விஸ்வநாத் சாருக்கு நீங்கள் மறுபடி போன் செய்யுங்கள். அன்று கேட்டது உங்கள் மன்னிப்பு, மகாவுடையது அல்ல என்று சொல்லுங்கள். அதனால் உங்கள் வேலைக்குக் கேடு வந்தால் புறப்பட்டு வாருங்கள், கப்பைக் கிழங்கும் மீனும் வைத்து நான் சோறு போடுகிறேன். சொல்லிவிட்டு என்னைக் கூப்பிடுங்கள். அதுவரை உங்கள் போனை எடுக்க மாட்டேன். ஆனால் பக்கத்திலேயே வைத்திருப்பேன்.

மாத்திரையை மறக்காதீர்கள்.

என்றும் உங்கள்,
மகா